8 வாரம், 10 நிமிடம்: கன்றுக்குக் கொம்பு சுடும் தொழில்

மூன்று வாரக் கன்று ஒன்றின் தலையைப் பிடித்துப் பாருங்கள். காதுக்கு மேலே, உச்சிக்குப் போகும் வழியில், இரண்டு பக்கமும் முடி சுழித்துக்கொண்டு நிற்கும். அந்தச் சுழியின் நடுவில் கட்டைவிரலை அழுத்தினால் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒன்று தட்டுப்படும். விரலை நகர்த்தினால் அதுவும் தோலோடு சேர்ந்து நகரும். அதுதான் கொம்புக் குருத்து. இன்னும் மண்டையோட்டைப் பற்றிக்கொள்ளாமல் தோலிலேயே இருக்கிறது. ஏறக்குறைய 8 வாரம் வரை இப்படித்தான் இருக்கும். அதற்கு மேல் எலும்போடு ஒட்டிக்கொண்டு நிஜக் கொம்பாக வளர ஆரம்பித்துவிடும்.

பண்ணை பண்ணையாகப் போய் இந்தக் குருத்தைச் சுட்டுக் கொடுக்கும் ஒப்பந்த வேலை அந்தச் சின்ன அசைவை நம்பித்தான் நடக்கிறது. புதிதாக இதில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தச் சூட்டுக்கோல் வாங்கலாம்?" என்றுதான். கடைசியில் கேட்டால் போதும். கோலை வைத்து எடுக்கும் வேலை ஒரு குருத்துக்கு 10 முதல் 20 விநாடி. மீதி எல்லாமே நேரம் பார்க்கிற வேலை. கன்றின் வயதை வாரக் கணக்கில் பார்க்க வேண்டும், மரத்துப்போகிற ஊசி பிடிக்கும் நேரத்தை நிமிடக் கணக்கில் பார்க்க வேண்டும். இந்த இரண்டில் எது தவறினாலும், எவ்வளவு நல்ல கோல் வைத்திருந்தாலும் அடுத்த வருடம் அதே பண்ணையிலிருந்து அழைப்பு வராது.

சுடுவது வேறு, அறுப்பது வேறு

பேச்சில் இரண்டையும் "கொம்பு எடுக்கிறது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். கன்றுக்கு அவை இரண்டும் ஒன்றல்ல. குருத்து தோலில் இருக்கும்போது செய்வது சுடுவது: மேலோட்டமான தீக்காயம், ரத்தம் அநேகமாக வராது. கொம்பு எலும்பில் வேர்விட்ட பிறகு செய்வது அறுப்பது. மாட்டின் நெற்றி எலும்புக்குள் காற்றறை ஒன்று உண்டு. மாதங்கள் போகப் போக அந்த அறை கொம்புக்குள்ளும் நீண்டுவிடும். அப்போது கொம்பை அறுத்தால் தலையில் திறந்த ஓட்டை ஒன்று விழும். உள்ளே தூசியும் ஈயும் தண்ணீரும் போகும், சீழ் வைக்கும். ரத்தக்குழாய்கள் பெரிதாகியிருப்பதால் ரத்தம் பீய்ச்சி அடிக்கும். அறுப்பது கால்நடை மருத்துவரின் வேலை. ஒப்பந்தக்காரர் தொடவே கூடாது என்பது என் கட்சி.

இன்னொரு விஷயத்தையும் ஆரம்பத்திலேயே புரிந்துகொள்ள வேண்டும். கொம்பை வளர்ப்பது நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் மொட்டு அல்ல. மொட்டைச் சுற்றி வளையமாக இருக்கும் தோல்தான் கொம்பைச் சுரக்கிறது. நகக்கண்ணிலிருந்து நகம் வளர்வது மாதிரி. அதனால் கோல் சுட வேண்டியது அந்த வளையத்தை. வளையம் முழுதாக வெந்துவிட்டால் நடுவில் இருப்பது ரத்த ஓட்டம் இல்லாமல் தானே செத்து உதிரும். வளையத்தில் ஒரு பக்கம் நெல் அளவு விட்டுப்போனாலும், அங்கிருந்து கோணலாக ஒரு குட்டைக் கொம்பு கிளம்பும். இந்தத் தொழிலில் வரும் புகார்களில் பாதி அந்தக் கோணல் கொம்பைப் பற்றித்தான் இருக்கும்.

கொம்பு ஏன் வேண்டாம் என்று பண்ணையாளருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நெருக்கமாக வைத்து வளர்க்கும் மாடுகள் ஒன்றையொன்று குத்தும், மடி கிழியும், தீவனத் தொட்டியில் ஒன்று நான்கை ஒதுக்கும், வண்டியில் ஏற்றினால் சதை கன்றிப்போகும், பால் கறக்கிறவரின் விலா எலும்புக்கும் உத்தரவாதம் இல்லை. அவருக்குத் தெரியாதது ஒன்றுதான்: அந்த வேலையைத் தானே செய்வதாக இருந்தால் அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார். கன்று ஈனும் பருவத்தில் தூக்கமே இருக்காது. வாடை பிடிக்காத வேலை, கன்று கத்தும், கோல் எங்கே வைத்தோம் என்று தேட வேண்டும். இந்த வாரம், அடுத்த வாரம் என்று போய், ஒருநாள் தொட்டுப் பார்க்கும்போது குருத்து அசையாது. "உங்கள் கன்று எதுவும் 8 வாரத்தைத் தாண்டாது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி அதைக் காப்பாற்றுகிறவருக்குத்தான் அவர் பணம் கொடுக்கிறார்.

ஊசி போடும் இடம்

சுடுவதற்கு முன் மரத்துப்போகச் செய்வது கட்டாயமா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். நியூசிலாந்தில் 2019 அக்டோபர் 1 முதல் எந்த வயது மாடானாலும் மரப்பு ஊசி இல்லாமல் கொம்பையோ குருத்தையோ எடுக்கக் கூடாது. பிரிட்டனில் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முதல் வாரத்தில் ரசாயனம் பூசுவதைத் தவிர மற்ற முறைகளுக்கு மரப்பு மருந்து வேண்டும். உங்கள் இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது, ஊசியை யார் போடலாம், மருந்தை யார் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதைத் தொழில் தொடங்கும் முன்பே கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் கேட்காத ஊரிலும் ஊசி இல்லாமல் செய்கிறவரை நான் தொழில்காரர் என்று சொல்லமாட்டேன். 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள இரும்பைத் தலையில் வைக்கிறோம். இதில் வாதம் செய்ய ஒன்றுமில்லை.

குருத்துக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு கண்ணின் வெளி முனைப் பக்கத்திலிருந்து கிளம்பி, நெற்றி எலும்பின் ஓர விளிம்புக்கு அடியில் ஒளிந்தபடி குருத்துக்குப் போகிறது. கன்றின் கண் கோடியிலிருந்து குருத்து வரை விரலை இழுத்துப் பாருங்கள். கூரான ஒரு எலும்பு விளிம்பு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுப்பாதியில், அந்த விளிம்புக்குச் சற்றுக் கீழே ஊசி இறங்க வேண்டும். மருந்தைச் செலுத்தும் முன் பிஸ்டனைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். ரத்தம் வந்தால் குழாயில் இறங்கியிருக்கிறது, ஊசியை மாற்றிக் குத்த வேண்டும். பலரும் நினைப்பது போலக் குருத்தைச் சுற்றி நாலு குத்து குத்தினால் ஆகிவிடாது. நரம்பு மரத்தால்தான் குருத்து மரக்கும். எழுத்தில் படித்து இதைக் கற்றுக்கொள்ள முடியாது. மருத்துவர் ஒருவர் உங்கள் விரலைப் பிடித்து அந்த விளிம்பின் மேல் வைத்துக் காட்ட வேண்டும், முதல் சில நாட்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

பரவலாகப் பயன்படுவது 2 சதவீத லிக்னோகெயின். சில நாடுகளில் உணவுக்கு வளர்க்கும் கால்நடைக்கு அதற்கு அனுமதி இல்லை, புரோகெயின் போடுகிறார்கள். பக்கத்துக்கு 5 மில்லி வரை கொடுப்பது வழக்கம். இங்கே ஒரு சின்னக் கணக்கு. 2 சதவீதம் என்றால் 1 மில்லியில் 20 மில்லிகிராம். இரண்டு பக்கமும் சேர்த்து 10 மில்லி, அதாவது 200 மில்லிகிராம். 40 கிலோ கன்றுக்கு அது கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஆகிறது, தாங்கும். அதே ஊசிக்குழலோடு பக்கத்துக் கொட்டிலில் இருக்கும் 4 கிலோ ஆட்டுக்குட்டியிடம் போனால் கிலோவுக்கு 50 மில்லிகிராம். குட்டி வலிப்பு வந்து செத்துவிடும். "அப்படியே இந்த ரெண்டு குட்டிக்கும் பண்ணிவிட்டுப் போங்க" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். ஆட்டுக்குட்டிக்கு மண்டையோடு மெல்லிசு, கன்றுக்கு வைக்கிற நேரம் கோலை வைத்தால் சூடு மூளைக்கே இறங்கும்; கொம்புக்குப் போகும் நரம்பும் பக்கத்துக்கு இரண்டு. பண்போடு மறுத்துவிடுங்கள்.

10 நிமிடம் எங்கே போகிறது

ஊசி போட்டதும் வேலை செய்யாது. குறைந்தது 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். மேல் இமை கொஞ்சம் தொங்கினால் மருந்து சரியான இடத்துக்குப் பக்கத்தில் போயிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. குருத்தைச் சுற்றி ஊசி முனையால் நாலைந்து இடத்தில் குத்திப் பாருங்கள். கன்று தலையை வெடுக்கென்று இழுத்தால் இன்னும் மரக்கவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருங்கள், தேவைப்பட்டால் மருத்துவர் சொன்ன அளவுக்குள் மறுபடி போடுங்கள். மரப்பு ஒன்று, ஒன்றரை மணி நேரம் வரை நிற்கும்.

புதிதாக வந்தவர்களுக்கு இந்த 10 நிமிடம் வீணாகப் போகிற மாதிரி தோன்றும். ஒரு கன்றுக்கு 10 நிமிடம் என்றால் 24 கன்றுக்கு 4 மணி நேரம் சும்மா நிற்க வேண்டுமா என்று கணக்குப் போட்டு, காத்திருப்பைச் சுருக்கப் பார்ப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். வரிசையை ஒழுங்குபடுத்தினால் காத்திருப்புக்கு ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகச் செலவாகாது.

ஒரு கன்றைப் பிடித்து, முடி கத்தரித்து, இரண்டு பக்கமும் ஊசி போட ஒன்றரை நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். குத்திப் பார்த்து, சுட்டு, மருந்தடித்து விட 3 நிமிடம். கன்றுகளை எட்டு எட்டாகப் பிரியுங்கள். முதல் எட்டுக்கும் ஊசி போட்டு முடிக்க 12 நிமிடம். முடித்துத் திரும்பும்போது முதல் கன்றுக்கு ஊசி போட்டு பத்தரை நிமிடம் ஆகியிருக்கும். அதிலிருந்து சுட ஆரம்பித்தால் எட்டாவது கன்றின் முறை வரும்போது அதற்கு ஊசி போட்டு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகியிருக்கும். எல்லாமே நல்ல மரப்பில் இருக்கும் நேரம். மூன்று சுற்று முடிய 108 நிமிடம்.

இப்போது 24 கன்றுக்கும் ஒரே மூச்சில் ஊசி போட்டுவிட்டுச் சுட ஆரம்பிப்பவரைப் பாருங்கள். ஊசிக்கு 36 நிமிடம், சுட 72 நிமிடம். அவருக்கும் 108 நிமிடம்தான். ஆனால் கடைசிக் கன்றுக்கு ஊசி போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துக் கோலை வைக்கிறார். மரப்பு கரைய ஆரம்பிக்கிற நேரம் அது. நடுவில் கேஸ் தீர்ந்தது, கன்று ஒன்று தப்பி ஓடியது என்றால் இன்னும் மோசம். நேரமும் மிச்சமாகவில்லை, கடைசி ஆறேழு கன்றுகளுக்கு ஊசி போட்டும் பாதிப் பலன்தான்.

எட்டுதான் வேண்டும் என்பதில்லை. உங்கள் கை வேகத்துக்கு எத்தனை வருகிறதோ அத்தனை. ஊசி போட்ட கன்றின் முதுகில் அடையாளச் சாக்கட்டியால் கோடு போட்டு வரிசை எண் எழுதிவிடுங்கள். அடைப்புக்குள் எட்டுக் கன்றும் ஒரே நிறத்தில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும்போது எது முதலாவது என்று யாருக்கும் நினைவிருக்காது.

கன்றுகளை மயக்கத்தில் படுக்கவைத்து இந்த வேலையைச் செய்கிறவர்களும் உண்டு. சைலசின் என்ற மருந்து. மாட்டுக்கு இது மிகக் கொஞ்சம் போதும், குதிரைக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவு. பிடிக்கிற சிரமம் இல்லை, படுத்திருக்கும்போதே காதுத்தோடு போடலாம், கிடேரிக் கன்றுகளுக்கு மருத்துவர் உபரிக் காம்பையும் எடுத்துவிடலாம். ஆனால் மயக்கம் மரப்பு ஆகாது. மயங்கிக் கிடக்கும் கன்றுக்கும் மரப்பு ஊசி வேண்டும். அதோடு, தெளியும் வரை கன்று நெஞ்சை ஊன்றிப் படுத்திருக்கிறதா, வயிறு உப்புகிறதா, குளிரில் நடுங்குகிறதா என்று ஓர் ஆள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முழுதாக எழுந்து நிற்கும் முன் பால் கொடுக்கக் கூடாது. மருத்துவர் உடன் இருந்து செய்கிற ஏற்பாடு இருந்தால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள்.

கோல்

கேஸ், மின்சாரம், பேட்டரி என்று மூன்று வகை. கேஸில் சூடு நன்றாக வரும், எங்கும் கொண்டு போகலாம், ஆனால் காற்றடித்தால் முனை குளிர்ந்துவிடும், வைக்கோல் பக்கத்தில் சுடர் இருக்கும். மின்சாரக் கோல் சூட்டைச் சீராக வைத்திருக்கும், ஒயர் காலில் சிக்கும். பேட்டரி கையடக்கம், சார்ஜ் எப்போது தீரும் என்று ஒரு கண் வைத்திருக்க வேண்டும். எதை வாங்கினாலும் முனையின் குழிவு குருத்து உள்ளே அமரும் அளவுக்கு இருக்க வேண்டும், விளிம்பு வளையத் தோலின் மேல் உட்கார வேண்டும். வயதுக்கேற்ப இரண்டு அளவு முனை வைத்திருப்பது நல்லது.

முடியை முதலில் கத்தரியுங்கள். முடியோடு சுட்டால் சூடு முடியிலேயே போய்விடும், புகை வேறு கண்ணைக் கரிக்கும். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த இடத்தில் உடனே கோலை வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். முனை நன்றாகப் பழுத்த பிறகு குருத்தின் மேல் நேராக வைத்து, மணிக்கட்டை லேசாகச் சுழற்றியபடி பிடியுங்கள். எடுத்துப் பார்த்தால் குருத்தைச் சுற்றித் தாமிர நிறத்தில் ஒரு வளையம் தெரிய வேண்டும், எங்கும் விடுபடாமல். கறுப்பு போதாது, தாமிர நிறம் வந்தால்தான் தோலின் முழு ஆழத்துக்கும் வெந்திருக்கிறது. அந்த நிறம் வந்துவிட்டால் நிறுத்த வேண்டும். அமுக்கிக்கொண்டே இருந்தால் அடியில் இருக்கும் எலும்பு வேகும். குருத்தை நெம்பி எடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அப்படியே விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வளையம் முழுமையாக இருந்தால் இரண்டுமே சரி.

என் முதல் வருடத்தில் ஒருநாள் நல்ல காற்று. திறந்த வெளியில் கேஸ் கோலோடு நின்றேன். முனை பழுக்கவே இல்லை. நிறம் வரவில்லை என்று நேரத்தைக் கூட்டினேன். 20 விநாடி 30 ஆனது, 30 விநாடி 40 ஆனது. வெயிலில் எல்லாமே தாமிரமாகத்தான் தெரிந்தது. இரண்டு மாதம் கழித்து பண்ணையாளர் கூப்பிட்டார்: "அண்ணே, மூணு கன்னுக்கு ஒத்தைக் கொம்பு வருது." போய்த் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை. என் கையை மீறிப் போய்விட்டது. மருத்துவரை வைத்து அறுக்க வேண்டியிருந்தது, செலவு என்னுடையது. அதற்குப் பிறகு காற்றடிக்கும் இடத்தில் நான் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டுத்தான் கோலை எடுப்பேன். 20 விநாடியில் நிறம் வரவில்லையென்றால் கோல் சூடாகவில்லை என்று அர்த்தம். நேரத்தைக் கூட்டக் கூடாது, கோலைத் திரும்பப் பழுக்க வைக்க வேண்டும்.

தீயைப் பற்றி ஒரு வார்த்தை. கோலைக் கீழே வைக்க ஒரு இரும்புத் தாங்கி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். வைக்கோல் மேல் ஒரு நொடி வைத்தாலும் கொட்டில் போய்விடும்.

சாயங்காலம்

நீங்கள் மதியம் கிளம்பிவிடுவீர்கள். கன்றுகள் துள்ளிக்கொண்டிருக்கும், பண்ணையாளர் "ஒன்றுமே தெரியலையே" என்று சந்தோஷமாக வழியனுப்புவார். இரண்டு மணி நேரத்தில் மரப்பு இறங்கும். அப்போதுதான் வலி தொடங்குகிறது. தலையை உதறும், காதை ஆட்டிக்கொண்டே இருக்கும், பின்னங்காலால் தலையைச் சொறியப் பார்க்கும், சாயங்காலப் பாலைப் பாதியில் விடும். கத்தாது. மாட்டினம் வலியை வெளியில் காட்டாது என்பதால்தான் இத்தனை காலம் இதை யாரும் கவனிக்கவில்லை.

இதற்கு மெலாக்ஸிகாம் மாதிரி வலி நிவாரணி ஒன்றை, மரப்பு ஊசி போடும்போதே சேர்த்துப் போட்டுவிட வேண்டும். கிலோவுக்கு 0.5 மில்லிகிராம்; 1 மில்லியில் 20 மில்லிகிராம் உள்ள மருந்தானால் 40 கிலோ கன்றுக்கு 1 மில்லி. இதுவும் மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டிய மருந்துதான். ஒரு ஊசி அன்றைய ராத்திரியையும் மறுநாளையும் தாங்கும். "தேவையா?" என்று கேட்கும் பண்ணையாளரிடம் நீளமாகப் பேச வேண்டாம். ஒரு பாதிக்குப் போட்டு, ஒரு பாதிக்குப் போடாமல் விட்டால் சாயங்காலம் வாளியில் மிச்சமிருக்கும் பாலைப் பார்த்து அவரே தெரிந்துகொள்வார் என்று சொல்வேன். அப்படிச் செய்யுங்கள் என்று யாரும் இதுவரை கேட்டதில்லை, எல்லாவற்றுக்கும் போடச் சொல்லிவிடுவார்கள்.

புண் ஆற நாளாகும். மேலே கறுத்த பொருக்கு கட்டி, அது விழுந்து, அடியில் புதுத் தோல் மூட இரண்டு மாதமும் ஆகும், சிலவற்றுக்கு இன்னும் கொஞ்சம் கூடவும் ஆகும். அந்தக் காலத்தில் தொட்டால் வலிக்கும். ஈ மொய்க்கும் பருவத்தில் முட்டையிடும், புழு வைக்கும். முடிந்தால் அந்தப் பருவத்துக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. தாழ்வாகத் தொங்கும் கம்பிகள், இடுக்கான தீவனத் தொட்டி போன்ற தலை இடிக்கும் இடங்களைப் பண்ணையாளர் பார்த்துக்கொள்ள வேண்டும். சீழ், வீக்கம், பால் குடிக்காத கன்று என்று எதைக் கண்டாலும் மருத்துவரைக் கூப்பிடச் சொல்லி ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னது அடுத்த நாள் மறந்துவிடும்.

அழைப்பு வரும்போது

"எத்தனை உருப்படி?" என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது "பிறந்த தேதி என்ன?". பருவத்தில் மொத்தமாகக் கன்று ஈனும் பண்ணையில் முதல் கன்றுக்கும் கடைசிக் கன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு மேலும் இடைவெளி இருக்கும். எல்லாம் பிறந்து முடியட்டும், ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று பண்ணையாளர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மூத்தவை அதற்குள் கை மீறிவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருவதாக நாள் குறித்துவிடுங்கள். அப்போது எந்தக் கன்றும் இரண்டு வாரத்துக்கும் ஆறு வாரத்துக்கும் நடுவில் உங்கள் கையில் வந்துவிடும், மழையோ காய்ச்சலோ வந்து ஒரு வாரம் தள்ளிப்போனாலும் சமாளிக்கலாம்.

பிறகு கேட்க வேண்டியவை: கன்றுகளை அடைக்க இடம் உண்டா, தலையைப் பிடித்து நிறுத்தச் சட்டகம் இருக்கிறதா, நீங்கள் கொண்டுவர வேண்டுமா, பிடித்துக் கொடுக்க ஓர் ஆள் வருவாரா. உலர்ந்த படுக்கை வேண்டும். கழிச்சல், இருமல், தொப்புள் வீக்கம் உள்ள கன்றை அன்று விட்டுவிட வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நோய்க் கன்றுக்குச் சுட்டு, அது நாலு நாளில் செத்தால், கழிச்சலை யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

கூலியை உருப்படிக்கு இவ்வளவு என்று மட்டும் வைத்தால் ஆறு கன்றுக்காக நெடுந்தூரம் போய் வருகிற நாளில் கைக்காசு போகும். போய்வரும் செலவுக்குத் தனியாக ஒரு தொகை, அதற்கு மேல் உருப்படிக்கு இவ்வளவு என்று பிரிப்பது நியாயம். மருந்துச் செலவு உள்ளே அடக்கமா, தனியா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று: வலி நிவாரணியை "வேண்டுமானால்" என்று தனிப் பட்டியலில் போடாதீர்கள். தனியாகப் போட்டால் வெட்டிவிடுவார்கள். முந்தைய சுற்றில் சுட்டதில் கோணல் கொம்பு கிளம்பினால் இலவசமாகத் திருத்திக் கொடுப்பதையும் கூலிக்குள் அடக்குங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை எப்படியும் வருகிறீர்கள், பழைய கன்றுகளின் தலையில் ஒருமுறை விரலை ஓட்டினால் 8 வாரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். அன்றைய என் மூன்று கன்றுகளும் இந்த ஏற்பாடு இருந்திருந்தால் தப்பித்திருக்கும்.

பண்ணைக்குப் பண்ணை போகிறவர் நோயையும் கூடவே கொண்டு போகலாம். பூட்ஸ், கருவிகள், கை எல்லாம் ஒவ்வொரு பண்ணை வாசலிலும் கழுவிக் கிருமிநாசினி போட வேண்டும். ஊசியை ஒவ்வொரு கன்றுக்கும் மாற்ற வேண்டும். மாட்டு ரத்தப் புற்றை உண்டாக்கும் வைரஸ் ரத்தம் ஒட்டிய ஊசியிலும் கொம்பு தோண்டும் கருவியிலும் பயணம் செய்யும். கோமாரி எங்காவது தலைகாட்டினால் வண்டியை எடுக்கவே கூடாது. நோட்டில் தேதி, காதுத்தோடு எண், மருந்து, அளவு, மருந்துப் புட்டியின் தொகுதி எண், இறைச்சிக்கு அனுப்பக் கூடாத நாட்கள் எல்லாம் ஏற வேண்டும், ஒரு பிரதி பண்ணையாளருக்கு. காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.

காரப் பசையைப் பற்றியும் கேட்பார்கள். பிறந்த முதல் சில நாட்களில் குருத்தின் மேல் பூசும் எரிகாரம் அது. கோலும் கேஸும் வேண்டாம் என்பதால் எளிதாகத் தோன்றும். ஆனால் மழையில் நனைந்தால் வழிந்து கண்ணில் இறங்கும், தாய் நக்கினால் நாக்கு வேகும், முலை குடிக்கும் கன்றானால் மடி வேகும். அதுவும் வலிக்கும், ஆறவும் நாளாகும். ஒவ்வொரு கன்றும் பிறந்த சில நாட்களுக்குள் பூச வேண்டியிருப்பதால் ஒப்பந்தக்காரருக்கு அது ஒத்துவராது. பண்ணையிலேயே இருக்கிறவர் மருத்துவர் சொற்படி செய்துகொள்ள வேண்டியது.

இன்னொரு கேள்வியை நான் எப்போதும் அழைப்பிலேயே கேட்டுவிடுவேன்: "காளை மோழையா?" பிறவியிலேயே கொம்பில்லாத மாட்டை மோழை என்பார்கள். ஆங்கஸ், காலோவே போன்ற இனங்கள் அப்படி. கொம்பில்லாமைக்கான மரபணு ஓங்கு தன்மை கொண்டது. பெற்றோர் இரண்டிடமிருந்தும் அதை வாங்கிய காளையானால் அதற்குப் பிறக்கும் கன்று எல்லாமே மோழை. ஒரு பக்கம் மட்டும் வாங்கியிருந்தால், கொம்புள்ள பசுக்களிடம் சராசரியாகப் பாதிக்குப் பாதி. கறவை இனங்களிலும் மோழைக் காளைகளின் விந்து இப்போது கிடைக்கிறது. அது பரவப் பரவ நம் வேலை குறையும். கன்றுக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை என்பதால் பண்ணையாளர் யோசனை கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த மாதிரிப் பண்ணையில் ஊசிக்குழலை நிரப்புவதற்கு முன் ஒவ்வொரு தலையையும் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு கன்றுக்குச் சுழியும் பொத்தானும் தட்டுப்படும். அடுத்ததற்கு அதே இடத்தில் முடி படிந்து வழவழப்பாக இருக்கும், விரலுக்கு அடியில் வெறும் எலும்பு. முதுகில் சாக்கட்டிக் கோடு போட வேண்டாம். நோட்டில் எண்ணுக்கு எதிரே "மோழை" என்று எழுதிவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டியதுதான்.